ஐந்தரை மணி கூட்டிப் பார்த்தால்

பன்னிரண்டு மணிக்கு முதல்வர் அறையில் கூட்டம், அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும் என்று தில்லைநாயகி கணினி ஆய்வகத்தின் மூலை நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது மின்விசிறி ஓடவில்லை, போகட்டும், வியர்த்தால் வியர்க்கட்டும், எழுந்துபோய் சுவிட்சைத் தட்டி அது நாலு சுற்று யோசித்து ஓட ஆரம்பிப்பதற்குள் வந்த யோசனை போய்விடும். யோசனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஓர் உறுத்தல்தான். நேற்று சாயங்காலம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் மாணவி பூமயில் எதிரே வந்தாள். வந்தவள் திட்டவில்லை, அழவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. எப்போதும் போல வணக்கம் மேடம் என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் அப்படி வணக்கம் வைப்பாளா? வைப்பாள், கூடவே ஒரு கும்பிடும் சேர்த்து வைப்பாள். ஆனால் இது கூடுதலாக இல்லையே, அளவாக அல்லவா இருந்தது. அந்த அளவுதான் வீட்டுக்குப் போய் மாவு கரைக்கும்போதும், காலையில் சேலைக்கு ஊக்கு குத்தும்போதும் விடாமல் கூடவே வந்தது. ஊக்கு விரலில் ஏறி ஒரு பொட்டு ரத்தம் வந்தது. இன்னும் அந்த விரல் எரிகிறது, விசைப்பலகையில் வைத்தால் சுருக்கென்கிறது.

விஷயம் ஒன்றும் சிக்கலானதில்லை, அதுதான் சிக்கலே. கல்லூரியில் ஆன்லைன் வகுப்புகளுக்கு ஒரு போர்ட்டல் இருக்கிறது, அதற்குப் பொறுப்பு தில்லைநாயகி. இரண்டாமாண்டு வணிகவியலுக்கு அவள் வைத்த கடைசி உள்மதிப்பீட்டுத் தேர்வில் வகுப்பே மத்தியானம் ஆய்வகத்தில் உட்கார்ந்து விடைகளை ஏற்றிவிட்டுப் போனது, பூமயில் மட்டும் போகவில்லை. அவள் நாலு மணிக்கு ஜவுளிக்கடை வேலைக்குப் போக வேண்டும், கடையில் நுழைந்ததும் செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், மூடும்போதுதான் திருப்பித் தருவார்கள். கடை மூடினதும் ஒன்பது மணிக்கெல்லாம் ஏற்றிவிட்டேன் என்கிறாள் அவள். கெடு நள்ளிரவு பன்னிரண்டு. போர்ட்டல் கணக்குப்படி அவள் ஏற்றியது பின்னிரவு இரண்டரை. தாமதம் என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. தாமதம் என்றால் சுழியம், சுழியம் என்றால் செமஸ்டர் தேர்வில் உட்கார முடியாது, உட்கார முடியாவிட்டால் ஒரு வருஷம் போச்சு, ஒரு வருஷம் போனால் அந்த வீட்டில் அப்புறம் யார் அவளைப் படிக்க அனுப்புவார்கள். ரெண்டரை மணிக்கு ஒரு பொம்பளப் பிள்ளை முழிச்சிருந்து என்னத்தப் பண்ணுச்சாம் என்று முதல்வர் குருவையா வேறு கேட்டு வைத்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு தில்லைநாயகிக்குப் பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை என்று முகத்தில் காட்டவும் இல்லை, தாமதப் பட்டியலில் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். வெள்ளிக்கிழமை வகுப்பில் வைத்து அந்தப் பெண்ணை எழுப்பி நிறுத்தி, போர்ட்டல் பொய் சொல்லுதா, இல்ல நீ பொய் சொல்றியா என்று கேட்டதும் அவள்தான். பூமயில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள்? பதிலுக்கு இவள் ஏதோ சொல்ல, வகுப்பு சிரித்தது. சிரிப்பு ஞாபகம் இருக்கிறது, கடைசிப் பெஞ்சில் ஒருத்தி மேஜையைத் தட்டியது கூட ஞாபகம் இருக்கிறது, அந்தப் பெண் சொன்னது மட்டும் பிடிபடமாட்டேன் என்கிறது. கூட்டுவது பற்றி என்னவோ. கூட்டணும் என்று இவள்தான் சொன்னாளோ.

போர்ட்டலின் கதையைக் கேட்டால் சிரிப்புதான் வரும். சும்மா சொல்லக்கூடாது, மற்றபடி நல்ல தளம்தான், ஏதோ ஒரு கம்பெனிக்காரன் எங்கோ தொலைதூரத்துக் கணினியில் வைத்து நடத்துகிறான். நேரம் மட்டும் அந்த ஊர் நேரம், நமக்கு ஐந்தரை மணி பின்னால். முதல் வருஷம் ஆசிரியர்கள் எல்லாரும் குதித்தார்கள். கம்பெனிக்கு எழுதினார்கள், போன் போட்டார்கள், பார்க்கிறோம் என்றான், பார்த்துக்கொண்டே இருந்தான். இரண்டாம் வருஷம் யாரும் குதிக்கவில்லை. கதவு சரியாகத் திறக்காத வீட்டில் குடியிருக்கிறவர்கள் உடம்பை ஒருக்களித்து நுழையப் பழகிக்கொள்வார்களே, அது மாதிரி கல்லூரியே பழகிக்கொண்டது. பன்னிரண்டுக்குக் கெடு வைக்க வேண்டுமா, ஐந்தரையைக் கழித்து ஆறரை என்று போடு. போர்ட்டலில் ஆறரை என்று இருக்கிறதா, ஐந்தரையைக் கூட்டிப் பன்னிரண்டு என்று படி. முதலாமாண்டு பிள்ளைகளுக்கு முதல் நாள் வகுப்பில் கழிப்பறை எங்கே என்று காட்டுவது போல இதையும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். யாருக்கும் இப்போது போர்ட்டல் நேரம் கண்ணில் படுவதே இல்லை, கூட்டின நேரம்தான் படும். இதிலெல்லாம் தில்லைநாயகி மகா கெட்டிக்காரி. ஆசிரியர் அறையில் அவளுக்கு மணிக்கூண்டு என்று பெயர். மணிக்கூண்டு வந்துட்டாங்க, எல்லாரும் வாட்சைத் திருத்திக்கோங்க என்பார்கள். அவளுக்கு உள்ளூர அது பெருமைதான். பெருமை இல்லாமல் என்ன.

அப்படியானால் அந்தப் பெண் பொய்தான் சொல்கிறாளா? இருக்கட்டும், இருந்தால் இருக்கட்டும், ஆனால் கடிகாரம் சரி என்று நமக்கு எப்படித் தெரியும், அந்தத் தொலைதூரக் கணினியின் கடிகாரமே ஓடாமல் நின்று தடுமாறி ஓடியிருந்தால்? கம்பெனியின் உதவிப் பக்கத்தைத் திறந்து, உங்கள் தளத்தின் நேரம் கடந்த வாரம் ஏதாவது மாறியதா என்று தட்டிவிட்டுக் காத்திருந்தாள். வரிசையில் உங்களுக்கு முன்னால் சிலர் இருக்கிறார்கள், தயவுசெய்து காத்திருக்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் பக்கத்தில் மூன்று புள்ளிகள் ஏறி இறங்கின. ஏறி இறங்கின. மூச்சு மாதிரி. வேண்டாம், அங்கே போகாதே என்று மனசைப் பிடித்து இழுத்தாள், அது போயே விட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் அப்பாவின் நெஞ்சு இப்படித்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு தடவை இறங்கினது ஏறவில்லை. உடனே அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து பார்த்துச் சீட்டில் எழுதின நேரம் வேறு. பத்து நிமிஷமோ கால்மணியோதான் வித்தியாசம், ஆனால் அந்தக் கால்மணிக்குள் தசமி முடிந்து ஏகாதசி பிறந்துவிட்டது. திதி குறிக்க வந்த ஐயர், மூச்சு நின்ன நேரம் எது என்று கேட்டபோது அண்ணன் சீட்டில் இருந்ததைச் சொன்னான், இவள் தன் கடிகாரத்தைச் சொன்னாள். சீட்டுதான் சாட்சி என்றான் அவன். என் கண்ணு சாட்சி இல்லையா என்றாள் இவள். இன்றுவரை அண்ணன் வீட்டில் ஏகாதசிக்குத் திதி, இவள் வீட்டில் தசமிக்கு இலை போட்டுக் காக்காய்க்கு வைப்பது. அப்பா எந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகிறாரோ. இரண்டு பேரும் பேசிக்கொள்வதும் குறைந்துபோயிற்று. அதெல்லாம் கூடப் பரவாயில்லை. தன் கடிகாரம்தான் சரி என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வாள், அதில் சந்தேகமே இல்லை. அவளைப் போட்டு அறுப்பது வேறு. அந்த நேரத்தில் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் முகம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் அவளால் சொல்ல முடியாது, முள் எங்கே இருந்தது என்று சொல்வாள். பூமயிலையும் அப்படித்தான் பார்த்தாளா? வெள்ளிக்கிழமை அவள் முகம் எப்படி இருந்தது? தெரியவில்லை. கண் பட்டியலில் இருந்தது. நேற்று பஸ் ஸ்டாண்டில்தான் முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய்.

மூன்று புள்ளிகள் இன்னும் ஏறி இறங்கின. சரி, அவன் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பானேன், நாமே சோதித்துப் பார்ப்போம். மாணவர் பக்கத்துக்கு என்று அவளிடம் ஒரு போலிக் கணக்கு உண்டு, சோதனை மாணவர் என்று பெயர். அதில் நுழைந்தாள். ஆசிரியராகப் போய் ஒரு வெற்றுத் தேர்வை உண்டாக்கினாள், மாணவராக வந்து ஒரு வெற்றுத் தாளை ஏற்றினாள், ஏற்றுகிற நொடியில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். பத்தேகால். மறுபடி ஆசிரியராகப் போய் அந்தப் பெயருக்கு எதிரே பார்த்தாள். வழக்கம் போல மனசு ஐந்தரையைக் கூட்டி விடையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தது. பிற்பகல் மூன்றே முக்கால். மூன்றே முக்காலா? என்ன அபத்தம் இது, இன்னும் அந்த நேரமே பிறக்கவில்லையே. வெளியே காலைச் சூரியன் ஜன்னல் கம்பியில் அடிக்கிறது, கேன்டீனில் வடை போடுகிற வாசனை வருகிறது, மூன்றே முக்கால் எங்கிருந்து வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட்டாமல், கூட்டக்கூடாது கூட்டக்கூடாது என்று சொல்லிக்கொண்டே, அங்கே என்னதான் எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி விரலை வைத்துப் படித்தாள். பத்தேகால் என்றுதான் இருந்தது. இந்த ஊர்ப் பத்தேகால். போர்ட்டலின் நேரம் சரியாகிவிட்டிருந்தது. விரல் தானாக மேலே போய் இரண்டாமாண்டு வணிகவியலைத் திறந்தது, தேர்வைத் திறந்தது, பூமயில் பெயருக்கு எதிரே போய் நின்றது. இரண்டரை என்று அங்கே எங்கேயும் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. இரவு ஒன்பது என்று இருந்தது. மேலே கெடு, மாலை ஆறரை என்று இருந்தது, அவள் கையால் போட்டது, பன்னிரண்டில் ஐந்தரையைக் கழித்து, தூங்கும்போது கேட்டாலும் சொல்வாளே அந்தக் கணக்கு. ஒன்பது மணிக்கு ஏற்றினவளை ஆறரையை வைத்துத் தாமதம் என்று தளம் சொல்லியிருக்கிறது. அது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, பாவம். ஆறரையோடு ஐந்தரையைக் கூட்டிப் பன்னிரண்டு என்றும், ஒன்பதோடு ஐந்தரையைக் கூட்டி இரண்டரை என்றும் படித்துக்கொண்டது இவர்கள். இரண்டையும் கூட்டினதால் வித்தியாசம் அப்படியே இருந்தது, கணக்கு அவ்வளவு ஒழுங்காகப் பொருந்தியது, மத்தியானமே ஏற்றிவிட்டவர்களின் நேரத்தை யாரும் பார்க்கவும் இல்லை, யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

இப்போது அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது, வரவே வேண்டாம் என்று இருந்தது, வந்துவிட்டது. போர்ட்டல்லயும் ஒன்பதுன்னுதான் மேடம் இருக்கு என்றாள். அதற்குத் தில்லைநாயகி, ஏம்மா, ஐந்தரையக் கூட்டணும்னு முதல் வருஷத்துலயே சொல்லிக் குடுத்தேன்ல, கூட்டல்கூடத் தெரியாதவளெல்லாம் காமர்ஸ் படிக்க வந்துட்டியா என்றாள். அதற்குத்தான் வகுப்பு சிரித்தது. அதற்குத்தான் மேஜை தட்டினார்கள். நாற்காலியை விட்டு எழுந்தாள், உட்கார்ந்தாள். இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிற வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது.

டிங் என்று சத்தம் வந்து உதவிக்காரன் நிதின் என்று ஒருவன் வந்தான். காத்திருக்க வைத்ததற்கு வருந்துகிறேன் என்று ஆரம்பித்து, ஆமாம், போன வாரமே உங்கள் தளத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டோம், உங்கள் வேண்டுகோளின்படிதான் என்றான், அவன் சொன்ன தேதி தேர்வுக்கு இரண்டு நாள் முந்தியது. யாருடைய வேண்டுகோள் என்று கேட்டாள். பதில் உடனே வந்தது, தில்லைநாயகி என்பவர் இரண்டு வருஷம் முன்பு கொடுத்த புகார், தாமதத்துக்கு வருந்துகிறோம், இப்போது திருப்தியா என்றான். மாற்றியதை முறைப்படி யாருக்கும் அறிவிக்கவில்லையா என்று கேட்டதற்கு, மாற்றம் சிறியது என்பதால் இல்லை என்றான். எவ்வளவு பணிவாகச் சொல்கிறான். அவனைத் திட்டலாம், நாலு வரி நன்றாகவே திட்டலாம், ஆங்கிலத்தில் திட்டுவதற்கென்றே சில வார்த்தைகள் வைத்திருக்கிறாள். ஆனால் திட்டி என்ன. எழுதினது யார்? நீ. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் மறந்தது யார்? நீ. தளத்துக்குப் பொறுப்பு என்று பெயரை வைத்துக்கொண்டு, சரியான நேரம் கண்ணெதிரே ஒரு வாரமாக நிற்கும்போது அதைப் பாராமல் பழைய கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது யார்? நன்றி என்று தட்டிவிட்டு அவனை அனுப்பினாள்.

இனி ஒரு வேலைதான் பாக்கி, அதுவும் சின்ன வேலை. கெடு என்கிற கட்டத்தில் ஆறரையை அழித்துவிட்டுப் பன்னிரண்டு என்று போட்டால் போதும். சிவப்பு எழுத்து தானாக மறைந்துவிடும். கூட்டத்தில் போய், மறுபடியும் சரிபார்த்தேன் சார், அந்தப் பிள்ளை நேரத்துக்குத்தான் ஏற்றியிருக்கிறது என்றால் குருவையா சரி என்பார், டீ வரும், கலைந்து போவார்கள். மணிக்கூண்டு மணிக்கூண்டாகவே இருக்கும். சுட்டியைக் கட்டத்தின் மேல் கொண்டுபோய் வைத்தாள். எரிகிற விரல் அழுத்தினால் போதும். ஆசிரியர் அறையில் இனிமேல் என்னென்ன பேசுவார்கள் என்று காது இப்போதே கேட்டது. பூமயிலுக்கும் நல்லதுதானே, அவளுக்கு வேண்டியது மதிப்பெண், அது கிடைக்கும். கிடைக்கும், ஆனால் வகுப்பில் அவள் யார்? பொய்க்காரி. மேடம் கைகாலில் விழுந்து மாற்றிக்கொண்டாள் என்பார்கள், ரெண்டரை மணிக்கு முழிச்சிருந்தவ என்பார்கள், அந்த இரண்டரையை எந்தக் கட்டத்தில் போய் அழிப்பது. அது இவள் வாயிலிருந்து வந்தது, இவள் வாய்தான் போய் அழிக்க வேண்டும். பயமாகத்தான் இருந்தது. கட்டத்தைத் தொடாமல் திரையை அப்படியே படம் பிடித்து அச்சிட்டு எடுத்துக்கொண்டாள், கெடுவை உண்மையைச் சொன்ன பிறகு மாற்றிக்கொள்ளலாம். முகத்தைக் கழுவிக்கொண்டு போகலாமா என்று குழாயடியில் நின்று யோசித்தாள், வேண்டாம், நேரே போ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

முதல்வர் அறையில் குருவையாவும் இரண்டு துறைத் தலைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பூமயில் கதவோரம் நின்றாள். இந்தத் தடவை தில்லைநாயகி முதலில் அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகுதான் மற்றவர்களைப் பார்த்தாள். முதல்வர் பட்டியலைக் கையில் எடுக்கும்போதே, ஒரு நிமிஷம் சார் என்று நின்றபடியே ஆரம்பித்தாள்.

“இந்தப் பிள்ளை ஒன்பது மணிக்குத்தான் சார் ஏத்தியிருக்கு. நேரத்தச் சரிபண்ணச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதுனது நான். அவன் சரிபண்ணிட்டான், நான் கவனிக்காம பழையபடி கழிச்சுக் கெடுவப் போட்டுட்டேன். தப்பு முழுக்க என்னோடது.”

அச்சிட்ட தாளை மேஜையில் வைத்துக் காட்டினாள். துறைத் தலைவர்கள் இருவரும் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது, பிறகு கூட்டாமல் பார்ப்பதும் தெரிந்தது. குருவையா தாளை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, சரி மேடம், போய் நேரத்த மாத்திவிட்ருங்க, இதையெல்லாம் கூட்டக் குறிப்புல எதுக்கு எழுதிக்கிட்டு, கல்லூரிக்குத்தான் கேவலம் என்றார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார்.

“எழுதுங்க சார். வகுப்புல வச்சுத்தான் இந்தப் பிள்ளையப் பொய்க்காரின்னேன். அந்த வகுப்புலயே போய்ச் சொல்லத்தான் போறேன், நீங்க எழுதாட்டாலும்.”

எழுதினார்கள். சுழியம் போயிற்று, பூமயில் செமஸ்டர் எழுதலாம் என்று ஆயிற்று. தில்லைநாயகி அவள் பக்கம் திரும்பி, என்னை மன்னிச்சிரும்மா என்று எல்லார் எதிரிலும் சொன்னாள். அந்தப் பெண் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. அவள் தாவணி நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

“வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய் நானும் கூட்டித்தான் மேடம் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரியே ரெண்டரைதான் வந்துச்சு. ஒன்பதுக்கு ஏத்துனது ரெண்டரைக்குத்தான் போய்ச் சேந்துச்சுபோலன்னு நெனச்சு அம்மாகிட்ட நாந்தான் நேரத்தத் தவற விட்டுட்டேன்னு ஒத்துக்கிட்டேன். கடைக்குப் போறதுனாலதான படிப்பு கெடுதுன்னு சனிக்கிழமையே வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. வீட்ல அந்தச் சம்பளந்தான் மேடம்.”

தில்லைநாயகி, ஆறரையைப் பன்னிரண்டாக்க ஒரு விரல் போதும், சனிக்கிழமையைத் திருப்பிப் போட எந்தக் கட்டம் இருக்கிறது என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டு நிற்பதற்கு இது நேரமில்லை என்றும் நினைத்தாள். எந்தக் கடை என்று கேட்டாள். தென்காசி சாலையில் ஒரு பெயரைச் சொன்னாள் பூமயில். முதலாளி இப்போது இருப்பாரா என்றாள் தில்லைநாயகி. சாப்பாட்டுக்குப் போகிறவரை இருப்பார் என்றாள் அந்தப் பெண். முதலில் கடையிலும் அங்கிருந்து போய் உங்க அம்மாவிடமும் நானே வந்து பேசுகிறேன் என்று தில்லைநாயகி சொல்லிவிட்டு, முதல்வரிடம் மத்தியானம் வகுப்புக்குள் வந்துவிடுவதாகச் சொன்னாள். குருவையா தலையை ஆட்டினார். படியில் இறங்கும்போது பூமயில் இரண்டு படி பின்னாலேயே வந்தாள்.

“இந்நேரம் வேற ஆளச் சேத்திருந்தா மேடம்?”

“சேத்திருந்தா அடுத்த கடைல கேப்போம். பின்னாடி வராத, கூட வா” என்றாள் தில்லைநாயகி.